எனக்குத்தான் விளங்கேல்லை

தி.நகரில் நான் வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தில், கத்திரி வெயிலிலும் டைப்பிஸ்ட் அம்மா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். ஏசியைக் குறைக்க யாருக்கும் தோன்றியதில்லை. யாழ்ப்பாணத்தில் வருடக்கணக்காக மின்சாரமே இல்லாமல் இருந்துவிட்டு வந்தவன் நான். ஊரிலும் வெளிநாடுகளிலும் இருக்கும் நம்மவர்கள் கேட்டால் கோபப்படுவார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அப்போதெல்லாம் எனக்கு எதுவுமே வருவதில்லை.

கட்டடங்களுக்கு ஏசி அமைப்பது எங்கள் வேலை. மயிலாப்பூர்ப் பெரியவர் ஒருவர் அடையாறில் கட்டவிருந்த நர்சிங் ஹோமுக்கு என்னைத் திட்டம் வரையச் சொன்னார்கள். மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி வேண்டுமாம். வெயிலை வா வா என்று உள்ளே கூப்பிட்டுவிட்டு, அப்புறம் மெஷின் வைத்து விரட்டுவானேன்? கண்ணாடியைக் குறைத்தேன். சன்ஷேடை நீட்டினேன். கடற்காற்றுக்கு ஜன்னல், ஆளில்லாத அறையில் ஏசியை நிறுத்த அறைக்கொரு தெர்மோஸ்டாட், மொட்டைமாடியில் வெந்நீருக்கு சோலார். சின்ன மெஷினே போதும். பெரியவர் ஒப்புக்கொண்டால் வேலை நிரந்தரம் என்றார் முதலாளி. நிரந்தரமானால் வீடு பிடித்து, மண்டபம் அகதி முகாமில் இருந்த மனைவியை அழைத்துவரலாம்.

பெரியவர் வரைபடத்தைப் பார்த்தபடி திசை, மூலை என்று வேகமாக ஏதோ சொன்னார்.

"விளங்கேல்லை ஐயா" என்றேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. "ஆத்துல பூஜை பண்ணிண்டு வரேன். எடுத்த எடுப்பிலயே விளங்கலைங்கறேளே!"

பதறிப்போனேன். "கோவியாதேங்கோ ஐயா. எனக்குத்தான் விளங்கேல்லை."

என்னையே பார்த்தார். "சிலோனா?"

"ஓம்."

"குடும்பம்?"

"மண்டபம் முகாமில."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. நீங்க போட்டபடியே இருக்கட்டும்."

மாடிப்படி இறங்கும்போது, கூட வந்திருந்த எங்கள் எலக்ட்ரீஷியன் பாபு சிரித்தான். "இன்னா சார், பெரியவர் கையில போய் எனக்கு விளங்கலைன்னு சொல்லிக்கினு கீற? நான் உருப்படலைன்னு அர்த்தம் சார் அது. புரியலைன்னு சொல்லு."

என் திட்டத்தை ஏற்றாரா, உருப்படாதவனுக்கு இரங்கினாரா, இன்றுவரை தெரியாது. வேலை நிரந்தரமானது. சந்தோஷப்பட வேண்டும் என்பது தெரிந்தது. அவ்வளவுதான். அன்றிலிருந்து எல்லோரிடமும் கவனமாக 'புரியல' என்றேன்.

கோடம்பாக்கத்தில் ஓர் அறை கிடைத்தது. எழும்பூரில் மனைவி ரயிலிலிருந்து இறங்கினாள். இரைச்சலில் என்னவோ கேட்டாள்.

"புரியலம்மா, என்ன சொன்ன?"

அவள் என் வாயையே பார்த்தாள். "வேற ஆரோ கதைக்கிற மாதிரிக் கிடக்கப்பா" என்றாள்.

பழைய சொல்லைத் திருப்பிச் சொல்ல வாயெடுத்தேன். அதன் இன்னோர் அர்த்தம்தான் முதலில் காதில் விழுந்தது. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன்.