பேர் சொல்ல முடியாத ஸ்டாப்பு

டிக்கெட் கிழிக்கிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: யார் எங்கே இறங்க வேண்டும். அது சரியாகத் தெரியாமலேயே கல்மண்டபத்திலிருந்து திருவொற்றியூர் போகும் பஸ்ஸில் பல வருஷம் கண்டக்டராகக் காலம் தள்ளினேன். கூட்டத்தில் நசுங்கிய கண்டக்டர்களும், அவர்களிடம் திட்டு வாங்கிய பிரயாணிகளும் என் பாட்டைப் புரிந்துகொள்வார்கள்.

முகவாயால் காட்டிய அம்மாள்

எங்கள் தடத்தில் தொத்து நோய் ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அம்மை, காலரா கண்டவர்களை அங்கேதான் கொண்டுபோய் வைப்பார்கள். நான் வேலையில் சேர்ந்த முதல் வாரம், தூக்குச்சட்டியோடு ஏறிய ஒரு மீன்கார அம்மாளிடம் எங்கே போகணும் என்று கேட்டேன். வாயைத் திறக்காமல் முகவாயால் வடக்கே காட்டினாள். வடக்கே எண்ணூர் வரைக்கும் ஊர் இருக்கிறதே! ஒவ்வொரு ஸ்டாப்பாகச் சொல்லிப் பார்த்தேன். எதற்கும் தலையசைக்கவில்லை. கடைசியில், "தொத்து நோய் ஆஸ்பத்திரியா?" என்று உரக்கக் கேட்டுவிட்டேன்.

பக்கத்தில் இருந்தவர் சட்டென்று எழுந்து நின்றார். பின் சீட்டும் காலியானது. என்ன நடந்தது என்று எனக்குப் புரிவதற்குள் அவள் கண் கலங்கிவிட்டது. அந்த ஆஸ்பத்திரியில் கிடப்பது அவள் மகளாம். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அதுக்கு முந்தின ஸ்டாப்புக்கு ஒரு சீட்டு குடு நைனா. அப்பால நான் நடந்தே போய்க்கறேன்."

காணாமல் போன ஆஸ்பத்திரி

ஆஸ்பத்திரிக்கு எதிரே மளிகைக்கடை வைத்திருந்தவர் ஒரு திருநெல்வேலிக்காரர். கடைக்குப் பின்னாலேயே வீடு. அவர் பெண்ணைப் பார்க்க இரண்டு தடவை ஆட்கள் வந்தார்கள். நான் ஸ்டாப்பின் பேரைச் சொன்னதும் பஸ்ஸை விட்டு இறங்காமலேயே திரும்பிப் போனார்கள். மூன்றாவது இடம் வருவதற்கு முந்தின நாள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒருநாள் மட்டும் வேறு பேர் சொல்ல வேண்டுமாம். அரை பர்லாங்கில் ஒரு மாவு மில் இருந்தது. பொய் பாதிதானே என்று ஒப்புக்கொண்டேன்.

மறுநாள், "மாவு மில்லெல்லாம் இறங்கு!" என்று கத்தினேன். மாப்பிள்ளை வீட்டார் பூவும் பழமுமாக இறங்கிப் போனார்கள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரிக்கு டிக்கெட் வாங்கிய, கண்பார்வை மங்கிய ஒரு பாய், பேர் வரும் என்று காத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். தம்பிக்குக் கஞ்சி கொண்டுபோகிறவர். திருவொற்றியூரில் வண்டி நின்ற பிறகுதான் அவரைக் கவனித்தேன். பதறிப்போய் எதிர் வண்டியில் ஏற்றி உட்காரவைத்தேன். அவர் கோபப்படவில்லை, என்னைவிடக் குழம்பிப் போயிருந்தார். "நேத்து வரிக்கும் அங்கதான இருந்துச்சு, ஆஸ்பத்திரிய எங்கப்பா தூக்கினு போய்ட்டீங்க?"

மாப்பிள்ளையின் அப்பா

சாயங்காலம் அதே ஸ்டாப்பில் மாப்பிள்ளை வீட்டார் நின்றிருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேலேயே ஆஸ்பத்திரிப் போர்டு. வழியனுப்ப வந்த பெண்ணின் அப்பா முகம் வெளிறி, என்னைப் பார்த்தும் பார்க்காமலும் நின்றார். நான் எந்தப் பேரைச் சொல்வது என்று தெரியாமல், பேசாமல் விசிலை மட்டும் ஊதினேன்.

மாப்பிள்ளையின் அப்பா நிதானமாக ஏறி, என் பக்கத்தில் வந்து நின்றார். இன்றைக்கு அடிதான் என்று நினைத்தேன். தையில் அந்தக் கல்யாணம் நன்றாகவே நடந்தது. ஆனால் அன்றைக்கு அவர் தெரிந்து கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். "பொண்ணு எங்களுக்குப் பிடிச்சுப் போச்சு. ஒண்ணுதான் வெளங்கல. மாவு மில்லுக்கு எதுக்குவே இத்தன நர்ஸு?"

காலி சீட்டு

ஒருநாள் காலை, பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. அந்த ஸ்டாப்பில் முகமெல்லாம் அம்மைத் தழும்போடு ஒருவர் ஏறினார். கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவர். உடம்பு தேறி வீட்டுக்குப் போகிறார். எங்கிருந்துதான் இடம் வந்ததோ, அவரைச் சுற்றி நாலு சீட்டு காலி. அவர் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

நானும் மனுஷன்தானே. இரண்டு விரல் நுனியால் டிக்கெட்டை நீட்டினேன். அவர் என் விரலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அவரோ சிரித்தார். "எனுக்கு ஒருதபா வந்து போச்சு, இனிமே வராது. நாளெல்லாம் இந்த ரோட்டுல சுத்திகினு கீறியே, உன்ன நென்ச்சாத்தான் பேஜாரா கீது."

யார் எங்கே இறங்க வேண்டும் என்பதோடு, யார் யாரைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதும் கடைசி வரைக்கும் விளங்காமலேதான் நான் ரிடையர் ஆனேன்.