லீவில் நான் மக்கானேன்

யாராவது உங்களை மக்கு என்றால் கோபம் வரும்தானே? என்னை அப்படிச் சொன்னது என் சொந்த அத்தை.

அத்தைக்கு ஸ்ரீரங்கத்தில் வீடு, திருவானைக்காவலில் டீச்சர் வேலை. கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் படிக்கும் ஸ்கூல் அது. பெரிய ஸ்கூலுக்கு மாற்றல் வந்தும் போகாமல், ரிட்டயர் ஆகும்வரை அங்கேயே இருந்தார். காலாண்டு லீவிலும் ஸ்கூல் வராந்தாவில் பாடம் நடத்துவார். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. திருவெறும்பூரிலிருந்து லீவுக்கு வந்திருந்தேன். என்னையும் கூட்டிப்போனார். "நான் என்ன சொன்னாலும் குறுக்க பேசாத" என்று மட்டும் வழியில் சொன்னார்.

அங்கே செல்வி என்று ஒரு பெண், என் வயதுதான். கணக்கில் முட்டை. லீவு முடிவதற்குள் வகுத்தல் வராவிட்டால் படிப்பை நிறுத்தி, தன்னோடு வீட்டு வேலைக்குக் கூட்டிப்போவதாக அவள் அம்மா சொல்லிவிட்டார். சிலேட்டைக் கண்டாலே செல்வி தலையைக் குனிந்துகொள்வாள்.

"இவன் என் அண்ணன் மகன். கணக்குல சுத்த மக்கு. நீதான் சொல்லிக் குடுக்கணும்" என்றார் அத்தை அவளிடம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கணக்கில் நான் நூற்றுக்கு நூறு! வாயைத் திறந்தேன், அத்தை முறைத்தார்.

"எனக்கே வராதே டீச்சர்."

"தெரிஞ்சதைச் சொல்லு. தெரியாததை என்கிட்ட கேட்டுட்டுப் போய்ச் சொல்லு."

செல்வி புளியங்கொட்டைகளை என் முன்னால் கொட்டினாள். "நாலு பேருக்குப் பங்கு போடுடா. மிச்சத்தை ஓரமா வை." நான் சும்மா உட்கார்ந்திருந்தால், "இதுகூடத் தெரியலையா? ஸ்கூல்ல தூங்குவியா?" என்று தலையில் குட்டுவாள். சந்தேகம் வந்தால் அத்தையிடம் ஓடுவாள், கேட்டு வருவாள், மறுபடி குட்டுவாள். எனக்கு அழுகை அழுகையாக வரும். போகப் போக எனக்கே குழப்பம்: ஒருவேளை நான் மக்குதானோ?

லீவின் கடைசி நாள் அவள் அம்மா வந்தார். செல்வி போர்டில் மளமளவென்று வகுத்துக் காட்டிவிட்டு என் பக்கம் கையை நீட்டினாள். "இவனுக்கே நான்தாம்மா சொல்லிக் குடுத்தேன்!"

அந்த அம்மா என் ஷூவையும் இஸ்திரி போட்ட சட்டையையும் மேலும் கீழும் பார்த்தார். "இந்தப் புள்ளைக்கா?" சிரிப்பை அவரால் அடக்க முடியவில்லை. "சரிங்க டீச்சர், படிக்கட்டும்."

பஸ்ஸில் கேட்டேவிட்டேன். "அத்தை, நான் நெசமாவே மக்கா?"

"யாருடா சொன்னா? நீ கெட்டிக்காரன்."

"நீங்கதானே சொன்னீங்க!"

அத்தை சிரித்தார். "அரையாண்டு லீவுக்கும் வந்துடு. அடுத்தது ஒரு பையன் இருக்கான். அவன்கிட்டயும் நீ மக்கா இருக்கணும். உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

அது திட்டா, பாராட்டா? ஸ்ரீரங்கம் வரும்வரை யோசித்தும் விளங்கவில்லை. செல்வி குட்டிய இடத்தைத் தடவிக்கொண்டே பஸ்ஸை விட்டு இறங்கினேன்.