பார்க்காமல் எழுதிய இரண்டு மணி நேரம்: கோத்தகிரியில் ஒரு கேரவனும் ஒரு பேட்டரியும்

கேரவனில் தங்கியவர்கள் எழுதும் குறிப்புகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. எல்லோருக்கும் பனி அழகாக இருக்கிறது, எல்லோருடைய தேநீரும் சூடாக இருக்கிறது. பேட்டரி எத்தனை மணிக்குத் தீர்ந்தது என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

போன நவம்பரில், நான் பாடம் நடத்தும் கல்லூரியில் எனக்கு ஐந்து நாள் விடுப்பு கிடைத்தது. என் கணவர் ஜெயசீலன் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒன்று, ஹோட்டல் இல்லாத ஒரு மலைப்பயணம். அவருக்கு ஆஸ்துமா உண்டு. மருத்துவரிடம் கேட்டோம். மருந்தும் நெபுலைசரும் கையில் இருந்தால் போகலாம் என்றார். நெபுலைசர் என்பது மருந்தைப் புகைபோல் ஆக்கி மூச்சில் ஏற்றும் சிறிய இயந்திரம். எங்களுடையது சுவரில் சொருகும் பழைய வகை. மின்சாரம் இல்லாவிட்டால் அது ஒரு டப்பா, அவ்வளவுதான்.

கோவையில் ஒருவரிடம் ஜீப்பும், அதன் பின்னால் இழுத்துச் செல்லும் கேரவனும் வாடகைக்கு எடுத்தோம். ஓட்டுநரோடு நாளைக்கு 7,500 ரூபாய், டீசல் தனி. காலை 6.15க்குக் கிளம்பி, மேட்டுப்பாளையத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு, இ-பாஸைக் காட்டி மலையேறினோம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர். கேரவனை இழுத்துக்கொண்டு போனதால் ஒன்றே முக்கால் மணி நேரம் பிடித்தது. அங்கிருந்து இன்னும் 14 கிலோமீட்டர் உள்ளே, ஒரு சிறு தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் எங்கள் இடம். ஒரு நாளைக்கு 1,200 ரூபாய். தண்ணீர்க் குழாய் உண்டு, கழிவறை உண்டு, மின்சாரம் கிடையாது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், திட்டமிடுகிறவர்களுக்கு உதவும். கேரவனில் 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று. ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 40 எடுக்கும். இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலே 20 தின்னும். விளக்கு, தண்ணீர் மோட்டார், ஃபோன் எல்லாம் சேர்த்து 10. ஆக 70. கூரையில் இருந்த சோலார் தகடு வெயிலில் நன்றாக வேலை செய்யும் என்று உரிமையாளர் சொன்னார். நவம்பரில் கோத்தகிரியில் வெயிலா? நான் அதற்கு 10 மட்டும் போட்டேன். மீதி 60ஐ, கேரவனோடு கொடுத்திருந்த சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் தர வேண்டும். சார்ஜர் மணிக்கு 15 கொடுக்கும். எனவே காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். ஒரு நோட்டில் கட்டம் போட்டு இதை எழுதி, கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டேன்.

ஜெனரேட்டர் சத்தம் எனக்கு ஆகாது. அது ஓடும் நேரத்தில் தோட்டப் பாதையில் நடக்கப் போய்விடுவேன். அதை ஓட்டி நிறுத்துவது அவர் பொறுப்பு, கேரவனிலேயே இருப்பார். திரும்பி வரும்போது ஜெனரேட்டர் அணைந்திருக்கும், பேட்டரி மீட்டரில் நான்கு பச்சைக் கோடுகளும் எரியும். நோட்டில் "2 மணி" என்று எழுதுவேன். முதல் நாள் மாலையிலிருந்து மூன்றாம் நாள் காலை வரை இப்படியே போனது. சோலார் விஷயத்தில் உரிமையாளரை நம்பாத நான், அந்த நான்கு கோடுகளை நம்பினேன். என் கணக்கோடு அவை ஒத்துப்போனதுதான் காரணம்.

மூன்றாம் நாள் பகல் 12.40க்கு ஓட்டுநர் மணி பெட்ரோலும் காய்கறியும் வாங்க ஜீப்பைக் கழற்றிக்கொண்டு கோத்தகிரிக்குப் போனார். ஒன்றரைக்கு மழை பிடித்தது. காற்றும் சேர்ந்துகொண்டது. 2.10க்கு மணி ஃபோன் செய்தார்.

"ஏனுங்க மேடம், இங்க வளைவுல பெரிய மரம் ஒண்ணு ரோட்டுக்குக் குறுக்கால உழுந்து கெடக்குதுங்க. இந்தப் பக்கம் நாலஞ்சு வண்டி நிக்குது. அறுத்து எடுக்க ரெண்டு மூணு மணி நேரமாவது ஆகுமுங்க."

"எவ்வளவு தூரத்துல இருக்கீங்க?"

"அஞ்சு கிலோமீட்டருங்க. சாருக்கு ஒண்ணும் இல்லீங்களே?"

ஒன்றும் இல்லை என்றேன். அப்போது அது உண்மை. இருபது நிமிடத்தில் உண்மை இல்லாமல் போனது.

காலையிலிருந்தே அவருக்கு இருமல் இருந்தது. பனி என்று நினைத்தேன். இரண்டரைக்கு அவர் கட்டிலில் உட்கார்ந்து, முழங்காலில் கை ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். விசில் சத்தம் மழையையும் மீறிக் கேட்டது. இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தேன். இரண்டாவது அழுத்தலில் அது வெறும் காற்றை விட்டது. முன்தினம் அதை ஆட்டிப் பார்த்தபோது பாதி இருந்ததாக நினைவு. சரி, நெபுலைசர் இருக்கிறது. மருந்தை ஊற்றி, சொருகி, சுவிட்சைப் போட்டேன். இயந்திரம் ஒரு முறை உறுமியது. இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தியது. எல்லாம் அணைந்தது.

மறுபடி போட்டேன். மறுபடி கீச்சென்றது. மீட்டரில் ஒரு கோடு, அதுவும் சிவப்பு.

108க்கு அழைத்தேன். கிளம்புகிறோம், மரம் விழுந்த இடம் வரை வந்து அங்கிருந்து பார்க்கிறோம் என்றார்கள். நான் குடையில்லாமல் ஜெனரேட்டரிடம் ஓடினேன். கயிற்றை இழுத்தேன். பத்து முறை, பதினைந்து முறை. பெட்ரோல் வாடை தூக்கியதே தவிர ஓடவில்லை. திரும்பி வந்து அவரிடம் கேட்டேன், "காலையில ஓடுச்சே, கடைசியா எப்படி ஸ்டார்ட் பண்ணீங்க?"

அவர் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "காலையில... இருபது நிமிஷம்தான்."

"என்ன இருபது நிமிஷம்?"

"புகை... இருமல் வந்துது. நாலு கோடு வந்ததும்... நிறுத்திருவேன். தெனமும்."

கோபப்பட நேரமில்லை. நெற்றியில் வியர்வையோடு அவர் உதடு வெளுத்துக்கொண்டிருந்தது.

அன்று காலை முழுவதும் மேல் சரிவில் கொழுந்து பறிக்கும் இயந்திரம் ஓடியது கேட்டிருந்தது. இருவர் ஆளுக்கொரு முனையில் பிடித்துச் செடிமேல் ஓட்டும் பெட்ரோல் இயந்திரம் அது. அவர்கள் மழைக்கு ஒதுங்கியிருப்பார்கள். இருநூறு மீட்டர் மேலே, கொழுந்து எடை போடும் கொட்டகைக்கு ஓடினேன். என் வயதுப் பெண் ஒருத்தி பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் தம்பி முருகையா. நடைப்பயிற்சியில் எதிர்ப்பட்டுப் பெயரும் வேலையும் சொல்லிக்கொண்ட அளவு பழக்கம். அவள் பெயர் யோகம்மா. என் மூச்சிரைப்புக்கு நடுவில் சொன்னது அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ, "ஜெனரேட்டர்" என்ற சொல்லுக்கே எழுந்துவிட்டாள். கருவிகள் வைத்திருந்த தகரப் பெட்டி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

ஜெனரேட்டர் பக்கத்தில் குனிந்து முகர்ந்தாள். "எத்தன தரம் இழுத்தீங்க டீச்சர்?"

"பதினஞ்சு இருக்கும்."

"முரண்டு புடிக்கிற மாட்டக் கயிறு போட்டு இழுத்த மாதிரி இழுத்திருக்கீங்க. பெட்ரோல் குடிச்சு வயிறு ரொம்பிக் கெடக்கு. முருகையா, பிளக்கக் கழட்டு."

எஞ்சினில் தீப்பொறி கொடுக்கும் ஸ்பார்க் பிளக் அது; வெளியே வந்தபோது கரியாகவும் ஈரமாகவும் இருந்தது. மலை உயரத்தில் காற்று குறைவு, பெட்ரோல் முழுதாய் எரியாது, கரி பிடிக்கும் என்பது எனக்குப் புத்தகத்தில் தெரியும். அவளுக்குக் கையில் தெரிந்திருந்தது. பனி நாளில் அவர்கள் இயந்திரத்தை விட்டுப் போகும்போதெல்லாம் பிளக்கைக் கழற்றித் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்வார்களாம், உடம்புச் சூட்டில் காய்ந்திருக்க. "எங்க பிளக் இதுக்குச் சேராது. இதத்தான் காய வைக்கணும். அடுப்பு இருக்கா?"

கேரவனின் கேஸ் அடுப்பில் இடுக்கியால் பிடித்துக் காட்டினேன். அவள் உப்புத்தாளால் கரியைத் தேய்த்தாள். வெளியே முருகையா சுவிட்சை அணைத்துவிட்டு, பிளக் இல்லாத துளை வழியாகப் பெட்ரோல் வெளியேறும்படி கயிற்றை ஏழெட்டு முறை இழுத்தான். உள்ளே விசில் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. அது நல்ல அறிகுறி அல்ல. காற்று போவதே குறைகிறது என்று பொருள்.

யோகம்மா கட்டிலைப் பார்த்தாள். "அய்யா, கண்ணத் தொறந்தே வச்சிருங்க. தூங்குற வேலையெல்லாம் ராத்திரிக்கு."

அவர் கையை மட்டும் அசைத்தார்.

பிளக்கை மாட்டுவதற்கு முன் அக்காளும் தம்பியும் ஜெனரேட்டரைத் தூக்கி, புகை கேரவனுக்கு வராதபடி காற்று போகும் பக்கமாக, பதினைந்து மீட்டர் கீழே, ஒரு பாறையின் அடியில் வைத்தார்கள். எனக்கு அது தோன்றவே இல்லை. முதல் இழுப்பு, ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒரு செருமல். மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. நான் பழக்க தோஷத்தில் சார்ஜரின் வயரை எடுத்தேன்.

"அது எதுக்கு இப்ப? பேட்டரி கெடக்கட்டும். அய்யா மிஷின நேரா இதுல சொருகுங்க."

பல்கலைக்கழகப் பட்டம் இரண்டு வைத்திருக்கிறேன். சார்ஜர், பேட்டரி, இன்வெர்ட்டர் என்று சுற்றி வளைத்துப் போயிருப்பேன். நீண்ட வயரை இழுத்து நெபுலைசரை நேராகச் சொருகினோம். அது உறுமியது, நிற்கவில்லை. முகமூடியில் வெண்புகை வந்தது. மணி 3.05.

பத்து நிமிடம் ஒன்றுமே மாறவில்லை. இரண்டாவது மருந்து ஊற்றினேன். 3.35க்கு அவர் தோள்கள் இறங்கின. ஒரு முழு வாக்கியம் பேசினார்: "அவங்களுக்கு டீ போட்டுக் கொடு."

"டீயா? எங்களுக்கா?" என்றாள் யோகம்மா. "நாள் பூரா அதத்தான் கட்டிக்கிட்டு மாரடிக்கிறோம். காப்பி இருந்தாக் குடுங்க."

5.20க்கு ஓட்டுநர் மணி வந்து சேர்ந்தார். ஆம்புலன்ஸ் மரத்துக்கு அப்பால் காத்திருந்து, பாதை திறந்ததும் அவருக்குப் பின்னாலேயே வந்தது. கோத்தகிரி ஆஸ்பத்திரியில் இரவு வைத்திருந்து காலையில் அனுப்பினார்கள். மீதி இரண்டு நாளைக் குன்னூரில், பிளக் பாயிண்ட் உள்ள ஓர் அறையில் கழித்தோம்.

அங்கே கேட்டேன், "ஏன் சொல்லல?"

"சொன்னா அன்னைக்கே மூட்டை கட்டிருப்பே."

கட்டியிருப்பேன். இன்ஹேலரையும் எனக்குத் தெரியாமல்தான் தீர்த்திருந்தார். மறைத்தது தவறு என்று அவரிடம் சொன்னேன். ஆனால் நோட்டில் பொய் எழுதியது அவரல்ல. நான் பார்க்காத இரண்டு மணி நேரத்தை, நானே நான்கு முறை என் கையெழுத்தில் எழுதியிருக்கிறேன்.

போகிறவர்களுக்கு நான் கற்றது இவ்வளவு. சார்ஜ் நின்றவுடன் மீட்டர் காட்டுவதை நம்பாதீர்கள். அரை மணி நேரமாவது விட்டுப் பாருங்கள், முன்னால் தெரிவது மேல் நுரை மாதிரி. ஜெனரேட்டர் எப்போதும் வெளியே, தள்ளி, காற்று போகும் பக்கமாக. ஓர் உபரி பிளக்கும் பிளக் ஸ்பேனரும் 300 ரூபாய்க்குள் வந்துவிடும். துணியில் சுற்றி உள்ளே வையுங்கள். ஓடாவிட்டால் ஐந்து இழுப்புக்கு மேல் இழுக்காதீர்கள், பிளக்கைக் கழற்றுங்கள். உயிருக்கு வேண்டிய கருவி எதுவாக இருந்தாலும் அதற்கு இன்வெர்ட்டரை நம்பாத ஒரு வழி வேண்டும். இப்போது கைக்கு அடக்கமான, ஃபோன் சார்ஜரில் ஓடும் நெபுலைசர் வாங்கியிருக்கிறோம். இழுக்கும் வண்டியை எதற்காகவும் தனியே அனுப்பாதீர்கள்.

நோட்டு இன்னும் இருக்கிறது. பிப்ரவரியில் எமரால்டு பக்கம் இரண்டு நாள் அதே கேரவனில் போனோம். கட்டத்தில் புதிதாக ஒரு பத்தி போட்டு, ஓட்டியவரே எழுத வேண்டும் என்று சொல்லியிருந்தேன். முதல் நாள் காலை நடந்துவிட்டுத் திரும்பினேன். ஜெனரேட்டர் அணைந்திருந்தது. நான்கு கோடுகளும் பச்சையாக எரிந்தன. நோட்டில் அவருடைய சாய்ந்த கையெழுத்தில் இருந்தது: "25 நிமிடம். இருமல். மீதியை நீ ஓட்டு."

ஓட்டினேன். பக்கத்திலேயே உட்கார்ந்து.