மை விரலோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை

மலேசியாவில் கடந்த பொதுத்தேர்தல் ஒரு சனிக்கிழமை நடந்தது. மறுநாள் ஞாயிறு, கிள்ளானில் எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் காலைத் தமிழ்ப் பூசை. நான் சொல்லப்போவது அந்த இரண்டு நாள் கதை. நவம்பர் மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. அதனாலோ என்னவோ, இப்போது நினைத்தாலும் எல்லாம் ஈரக் கண்ணாடி வழியாகப் பார்த்ததுபோலத்தான் நினைவுக்கு வருகிறது.

முதலில் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். அந்த வருடம்தான் எங்கள் தமிழ்ப் பூசையில் நற்கருணை அப்பம் கொடுக்க முதன்முதலாக ஒரு பெண்ணைப் போட்டார்கள். அந்தப் பெண் நான். மற்றக் கோவில்களில் எத்தனையோ காலமாக நடப்பதுதான், எங்களுக்கு அது அதிசயம். பங்குப்பேரவைக் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து நின்றார். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்சில் வளர்ந்து, ரயில்வேயிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குரல் இன்னும் கடைசிப் பெட்டி வரைக்கும் கேட்கும்.

"ஏவாள் கை நீட்டித்தானே நமக்கு இவ்வளவு வினை வந்துச்சு? மறுபடியும் அந்தக் கையிலேருந்தே வாங்கிச் சாப்பிடச் சொல்றீங்களா ஃபாதர்?"

கூட்டம் சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்கள் பீடத்துக்குப் பூ வைக்கலாமாம், பீடத் துணியைத் துவைத்து இஸ்திரி போடலாமாம், அந்தத் துணிமேல் இருக்கும் கிண்ணத்தை மட்டும் தொடக்கூடாதாம். "ஆதாம் அண்ணன் மட்டும் வேணாம்னு சொன்னாராக்கும்?" என்று கேட்டேவிட்டேன். ஃபாதர் இருமிக்கொண்டே அடுத்த விஷயத்துக்குப் போனார்.

பணி என்னவோ கிடைத்துவிட்டது. ஆள்தான் வரவில்லை. நற்கருணை நேரத்தில் ஃபாதர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் நிற்போம். நடுப்பாதையில் வருகிற சனம் எங்கள் முன்னால் இரண்டாகப் பிரிய வேண்டும். என்னைக் கண்டதும் நைசாக ஃபாதர் பக்கம் நழுவிவிடுவார்கள். இளசுகள் சில பேர் வந்தார்கள். ஆண்கள் போனதுகூடப் பரவாயில்லை. என்னோடு உட்கார்ந்து பீடத் துணி துவைத்த பெண்கள், தலையைக் குனிந்துகொண்டு புருஷன் பின்னாலேயே போனார்கள். அதுதான் சுருக்கென்று தைத்தது. கிண்ணம் நிறைய அப்பத்தை வைத்துக்கொண்டு சும்மா நிற்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று நின்று பார்த்தால்தான் தெரியும். சில வாரம் பொறுத்துப் பார்த்தேன். "வர்ற ஞாயிறோட விட்டுடறேன் ஃபாதர், முடியலை" என்று சொல்லிவிட்டேன். "உங்க இஷ்டம்மா" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கு முந்தின நாள்தான் வோட்டு.

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு வாக்களிப்பு. அங்கே வயதுப்படி வரிசை பிரிப்பார்கள், சாலோரான் என்போம். அந்த ரயில்வே பெரியவர் மூத்தவர்களின் சாலோரானில் நின்றார். அவர் மனைவி வயதில் இளையவர் என்பதால் எங்கள் சாலோரானில், எனக்கு முன்னால். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இத்தனை வருடத்தில் அவர் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. புருஷன் பேசுவார், அக்கா பக்கத்தில் சிரித்தபடி நிற்பார், அவ்வளவுதான்.

வரிசை நகர்வதே தெரியவில்லை. வராந்தாக் கூரையில் பிள்ளைகள் செய்து தொங்கவிட்ட காகித மீன்கள் சாரல் காற்றில் மெதுவாக நீந்திக்கொண்டிருந்தன. கேன்டீனிலிருந்து, இழுத்து ஆற்றும் தே தாரே டீயின் வாசம். யாரும் சத்தமாகப் பேசவில்லை. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே எல்லாரும் ஒன்றாக நின்றுகொண்டிருந்த மாதிரி இருந்தது.

அதற்குள் பெரியவர் தன் வரிசையை விட்டு வந்தார். "மேலேருந்து ரெண்டாவது. மறந்துடாதே. கோட்டைத் தாண்டிக் கிறுக்கி வெக்காதே."

"சரிங்க" என்றார் அக்கா. அவர் திரும்பிப் போய், அங்கிருந்தும் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "என்னக்கா, பரீட்சைக்கு அனுப்பற மாதிரி அனுப்பறாரு?"

அக்கா சிரித்தார். "சொல்லட்டும்லா. கல்யாணம் ஆனதுலேருந்து ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் சொல்றாரு. நானும் சரிங்கன்னுதான் சொல்றேன்." குரலைத் தாழ்த்தினார். "உள்ளே ஒரு அட்டை மறைப்பு வெச்சிருப்பாங்கல்ல? அங்க மட்டும் அவரு வர முடியாது. பாசாருக்கு மீன் வாங்கப் போனா வருவாரு, கிளினிக்குக்கு வருவாரு. ஃபாதர்கிட்ட பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்தாக்கூட, என்ன இவ்வளவு நேரம்னு கேப்பாரு. அந்த அட்டைக்குப் பின்னால நான் மட்டும்தான். அந்தக் கொஞ்ச நேரம் அப்படியே மெதக்கற மாதிரி இருக்கும்."

"அப்போ ரெண்டாவதுக்குப் போடறதில்லையா?"

"அது எனக்கும் ஆண்டவருக்கும் மட்டும்தான்."

நானும் என் கதையைச் சொன்னேன். நாளையோடு கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றேன். அக்கா அந்தக் காகித மீன்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வோட்டுப் போட்டு வெளியே வந்தபோது, மருதாணி வைத்த பிள்ளை மாதிரி இடது ஆள்காட்டி விரலை ஊதிக்கொண்டே வந்தார்.

ஞாயிறு காலை பாதிக் கோவில் தூக்கக் கலக்கத்தில் இருந்தது. எல்லாரும் இரவு முழுக்க முடிவு பார்த்தவர்கள். யார் ஆட்சி அமைப்பார்கள் என்றே தெரியாத காலை அது. மழை, மின்விசிறிச் சத்தம், தாலாட்டு மாதிரி பாடிய பாடகர் குழு. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் என் இடத்தில் நின்றேன். இதுதான் கடைசி என்று நினைத்துக்கொண்டேன்.

நற்கருணை வாங்க இடது கையை மேலே வைத்துத்தான் ஏந்துவார்கள். அன்றைக்கு வந்த ஒவ்வொரு கையிலும் விரல் நுனியில் மை. ஃபாதர் பக்கம் போன கைகளிலும் அதே மை. கிண்ணத்தைப் பிடித்திருந்த என் விரலிலும் அதே மை. நேற்று அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆணுக்கு ஒரு வோட்டு, பெண்ணுக்கு அரை வோட்டு என்று யாரும் சொல்லவில்லையே, இங்கே வந்ததும் எனக்கு என்ன குறைந்துபோனது? ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பெரியவர் வந்தார், பின்னால் அக்கா. அவர் வழக்கம்போல ஃபாதர் பக்கம் திரும்பினார். அக்கா வரிசை இரண்டாகப் பிரியும் அந்த இடத்தில் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். பாட்டு எங்கோ தூரத்தில் கேட்டது. பிறகு அக்கா என் பக்கம் திரும்பி நடந்தார். நாலு எட்டுதான் இருக்கும், ஆனால் அவர் தண்ணீருக்குள் நடந்து வருவதுபோல அவ்வளவு மெதுவாகத் தெரிந்தது எனக்கு. மை விரலோடு கையை ஏந்தினார்.

"கிறிஸ்துவின் திருவுடல்" என்றேன்.

"ஆமென்!" பாடகர் குழு வரைக்கும் கேட்டிருக்கும்.

நற்கருணை வாங்கித் திரும்பிய பெரியவர், மனைவி எங்கே என்று தேடினார். பார்த்துவிட்டார். கண்ணெதிரே ரயிலைத் தவறவிட்டவர் முகம். அக்காவுக்குப் பின்னால் துணி துவைக்கும் தோழி ஒருத்தி வந்தாள், இன்னொருத்தியும் வந்தாள். எல்லாரும் வந்தார்கள் என்று சொன்னால் பொய். கொஞ்சம் பேர் வந்தார்கள். எனக்கு அது போதும்.

பூசை முடிந்து வாசலில் அக்கா குடையை விரித்துக்கொண்டிருந்தார். பெரியவர் முன்னாலேயே போய்க் காரில் உட்கார்ந்துவிட்டார்.

"வீட்டுல என்னக்கா ஆகும்?"

"பேச மாட்டாரு. பரவால்லலா, வீடு கொஞ்சம் அமைதியா இருக்கும்" என்று சிரித்தார். பிறகு தன் விரலைப் பார்த்தார். "இத்தனை வருஷம் அட்டைக்குப் பின்னாலயே செஞ்சிட்டேன். ஒரு தடவை அட்டை இல்லாம செஞ்சு பார்ப்போம்னு தோணுச்சு."

நான் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இன்றைக்கும் பெரியவர் ஃபாதரிடம்தான் வாங்குகிறார், அக்கா என்னிடம். இருக்கைக்குத் திரும்பியதும் அவர் காலை ஒதுக்கி அக்காவுக்கு வழி விடுகிறார். வோட்டுப் போடும் உரிமை எங்களுக்குச் சட்டத்தில் எப்போதோ வந்துவிட்டது, ஆனால் ஒரு பெண் மறைப்பு எதுவும் இல்லாமல் எல்லார் கண்ணெதிரிலும் தான் நினைத்த பக்கம் நடக்கிற அந்த நாலு எட்டைப் பார்க்கத்தான் ஒவ்வொரு ஞாயிறும் நான் அங்கே நிற்கிறேன்.