பேனல் மேல் நெத்திலி

1. மஞ்சள் வராத தண்ணீர்

தொண்ணூறுகளின் கடைசியில், கோவளத்துக்குப் பக்கத்து சுகாதார நிலையம் ஒன்றில் குளோரின் மெஷின் வைத்திருந்தோம். உப்புத் தண்ணீரில் சோலார் கரன்ட் பாய்ந்தால் குளோரின் கரைசல் கிடைக்கும். கடல் காற்றில் ப்ளீச்சிங் பவுடர் சீக்கிரம் வீரியம் இழந்துவிடும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. தொட்டித் தண்ணீரில் குளோரின் இருந்தால், டெஸ்ட் டியூபில் பிடித்து மருந்துச் சொட்டு விட்டதும் மஞ்சளாகும். மெஷினைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் நான்.

ஒருநாள் காலை போய் இறங்கியதுமே சிஸ்டர் பிடித்துக்கொண்டார்.

"மூணு நாளா டெஸ்ட் டியூப்ல மஞ்சளே வரல சார். உள்ள பிரசவ கேஸ் இருக்கு. கை கழுவக்கூட இந்தத் தண்ணிய நம்ப முடியாது. ரெண்டு மணிக்குள்ள சரியாவலன்னா செங்கல்பட்டுக்கு அனுப்பிடுவேன்."

வலியோடு அவ்வளவு தூரமா! எனக்கு வியர்த்துவிட்டது. ஃபியூஸைப் பார்த்தேன், ஒயரைப் பிரித்தேன், எலெக்ட்ரோடைக் கழற்றித் தேய்த்தேன். மீட்டர் முள் அசைவேனா என்றது. உள்ளே இருந்த பெண்ணின் அம்மா கன்னியம்மா என் பின்னாலேயே நின்று திட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னா மெஷின்யா வெச்சிகீறீங்க? எம்பொண்ணுக்கு எதுனா ஆச்சு, உன்ன சும்மா வுட மாட்டேன்!"

2. மாடி

வேறு வழியில்லாமல் மொட்டைமாடி ஏறினேன். அங்கே வைத்திருந்த சோலார் பேனலையே காணோம். கண்ணாடி முழுக்க நெத்திலி பரப்பி, காக்காய்க்குப் பயந்து மேலே பழைய வலையும் போர்த்தியிருந்தது.

"யார் வேல இது?" என்று கத்தினேன்.

பின்னால் வந்த கன்னியம்மாவின் முகம் சுண்டிப்போனது.

"என்னுதுதான் சார். மணல்ல போட்டா நாய் துன்னுது. இது நல்லா சூடா கீது, சாய்வாவும் கீது. கருவாடு காயத்தான் வெச்சிகீறாங்கன்னு நெனச்சேன்."

"வெயில் இது மேல பட்டாத்தான் கரன்ட்டு. கரன்ட்டு வந்தாத்தான் உம்பொண்ணுக்குத் தண்ணி."

"அய்யய்யோ, நானே கெடுத்துட்டனா!"

மூன்று நாள் நெத்திலியை ஒரே வாரலில் வாரித் தள்ளினாள். முந்தானையாலேயே கண்ணாடியைத் துடைத்தாள். கீழே ஓடிப் பார்த்தேன். முள் எழுந்து நின்றது. ஒன்றே கால் மணிக்குக் கரைசலைத் தொட்டியில் கலந்தோம். அரை மணி காத்திருந்து சிஸ்டர் டெஸ்ட் டியூபைத் தூக்கிக் காட்டினார். மஞ்சள்! அழுகையே வந்துவிட்டது எனக்கு. சாயங்காலம் அங்கேயே பெண் குழந்தை பிறந்தது.

ரிப்போர்ட்டில், பழுதுக்குக் காரணம் 'நெத்திலி' என்று எழுதினேன். மேலதிகாரி, "குடிச்சிட்டு எழுதினியா?" என்றார்.

3. மேற்பார்வை

அதன் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் டூல் பையைத் திறக்கும் முன் மாடி ஏறிவிடுவேன். அடுத்த மாதம் அங்கேயும் ஏறினேன். பேனல் பளபளவென்று இருந்தது. பையைப் பக்கத்தில் வைத்துக் குனிந்தேன். மாடிப்படியிலிருந்து ஒரு அதட்டல்.

"யோவ், மிஷின் சாரு! தள்ளி நில்லு, நெழலு வுயுது. எம்பேத்தி தண்ணி அது!"

கன்னியம்மாதான், இடுப்பில் குழந்தையோடு. சட்டென்று தள்ளி நின்றேன்.