வெங்காய வேர் வெட்டும் நேரம்

மழைக்காலத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில் எதுவும் சும்மா கிடப்பதில்லை. உப்பு கசியும், தீப்பெட்டி நமுத்துப் போகும். இன்று காலை கூடைக்குள் கைவிட்டபோது ஒரு வெங்காயம் வேர் விட்டிருந்தது. மீன்முள் போல வெள்ளையாக, கொத்தாக. எடுத்துப் பார்த்தவன் என்னையறியாமல் கடிகாரத்தையும் பார்த்தேன். எதற்குப் பார்த்தேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் செல், உட்கரு என்று பேசும்போது நீங்கள் தப்பாக எடைபோட்டுவிடக் கூடாது. அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இந்தத் தீவுக்கு வந்து ஹேடோ துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். எனக்குப் பள்ளிக்கூடத்தில் தினக்கூலி வேலை கிடைத்தது. படிக்காதவனுக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை என்று அண்ணன்மார் சிரித்தார்கள். பயாலஜி அறையில் கண்ணாடிக் குப்பிகளைக் கழுவுவது, பாட்டிலில் இருக்கும் தவளைக்குத் தூசி தட்டுவது, பரீட்சை வரும்போது வெங்காயத்துக்கு வேர் வளர்ப்பது.

அந்தக் கடைசி வேலையை நான் மிகவும் மதித்தேன். வாய் அகன்ற குப்பியில் தண்ணீர் நிரப்பி, வெங்காயத்தின் அடிப்பக்கம் மட்டும் நனையும்படி உட்கார வைக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் வேர் இறங்கும். ஜன்னலோரம் வரிசையாக அவை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் கோயிலில் முன்வரிசைப் பெரியவர்கள் போல இருக்கும்.

கப்பல் தாமதமானால்தான் தொல்லை. இங்கே வெங்காயம் விளைவதில்லை, மெயின்லேண்டிலிருந்து வரவேண்டும். "ஜஹாஸ் நஹி ஆயா, பாய்," என்று கடைக்காரர் காலிச் சாக்கை உதறிக் காட்டுவார். கப்பலே வரவில்லை, வெங்காயத்துக்கு எங்கே போக? அப்போதும் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் எப்படியாவது ஒரு கிலோ வாங்கிவிடுவேன். என் மனைவி ரோசலினுக்கு அதில் பெரிய குறை.

"வீட்ல குழம்புக்கு ஒண்ணுகூடக் காணும். அங்க குப்பி மேல உக்காந்து கால நனைச்சிட்டு இருக்கு. குடுத்து வச்ச வெங்காயம்."

வேரின் நுனியைக் கொஞ்சம் வெட்டி, ஸ்பிரிட்டும் காடி வாசனை அடிக்கும் ஒரு திராவகமும் கலந்த குப்பியில் போட வேண்டும். அதில் விழுந்ததும் வேருக்குள் எது எப்படி இருந்ததோ அப்படியே நின்றுவிடும். பிறகு சிவப்புச் சாயத்தில் சூடுகாட்டி, கண்ணாடித் துண்டில் வைத்துக் கட்டைவிரலால் நசுக்க வேண்டும். சாயம் விரலில் ஏறினால் இறங்காது. "இன்னைக்கு யாரு நெத்தியில பொட்டு வச்சிட்டு வர்றீங்க?" என்பாள் ரோசலின்.

மதுரையிலிருந்து புதிதாக வந்திருந்த பயாலஜி மேடத்துக்கு முதல் வருடம் இந்தச் சோதனை சரியாக வரவே இல்லை. புத்தகத்தில் சொன்ன நேரப்படி, காலை மணி அடித்த பிறகு வேரை வெட்டினார். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் எல்லா செல்லும் சும்மா இருந்தது. ஒன்றும் பிரியவில்லை. சாயத்தை மாற்றினார், வெங்காயத்தை மாற்றினார். ஒருநாள் ஜன்னலைத் திறந்தவர் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்று, தானாகவே சிரித்தார்.

"அண்ணா, இங்க அஞ்சு மணிக்கே விடிஞ்சிருதுல்ல? கடிகாரம் மெயின்லேண்டுது. வெங்காயம் இந்த ஊரு வெளிச்சத்துல இருக்கு. விடிஞ்ச கொஞ்ச நேரத்துலதான் அது பிரியும். நாம மத்தியானத்துல போய் எழுப்பிட்டு இருக்கோம்."

அதற்குப் பிறகு வெயில் ஏறுவதற்குள் போய் வெட்டுவது என் பொறுப்பானது. முதல்முறை சரியாக வந்த அன்று மேடம் என்னையும் பார்க்கச் சொன்னார். கூச்சத்தில் என் கண்ணிமை மயிரைத்தான் முதலில் பார்த்தேன், அதையே செல் என்று தலையும் ஆட்டினேன். திரும்பப் பார்த்தபோது செங்கல் அடுக்கியது போல அறை அறையாகத் தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் சுவர், நடுவில் சிவப்பாக ஓர் உருண்டை. அதுதான் உட்கரு. சில அறைகளில் உருண்டையைக் காணோம், அதற்குப் பதில் நூல் துண்டுகள். ஓரிடத்தில் நூல்கள் நடுக்கோட்டில் நின்றன. இன்னோரிடத்தில் இரண்டு பக்கமும் இழுபட்டுக்கொண்டிருந்தன. வேறோரிடத்தில் இரண்டு உருண்டைகள், நடுவே புதிதாக ஒரு சுவர்.

"பாகம் பிரிச்சிட்டாங்க, மேடம்," என்றேன்.

"பாகம்னா ஆளுக்குப் பாதி. இது அப்படி இல்லண்ணா. முதல்லயே எல்லாத்தையும் ரெண்டு ரெண்டாக்கிக்கும். அப்புறந்தான் பிரியும். ரெண்டு பேருக்கும் முழுசு."

அன்று மாலை ரோசலினிடம் இதைச் சொன்னேன். அப்பாவின் வீட்டைப் பிரித்தபோது எங்களுக்குப் பின்கட்டு மட்டும் வந்திருந்தது. அவள் மீனுக்கு மஞ்சள் தடவிக்கொண்டே, "உங்க அண்ணன்மாருக்கு அந்த வெங்காயத்தக் காட்டியிருக்கலாம்," என்றாள்.

காடி வாசனை வந்தால் எனக்கு இப்போது அந்தப் பேச்சு நினைவுக்கு வரும். பிறகு ஆஸ்பத்திரியும் வரும்.

ரோசலினுக்கு மார்பில் கட்டி. கொஞ்ச நாளாகவே இருந்திருக்கிறது, "கல்லு மாதிரி கெடக்குங்க" என்று ஒருநாள் துணி மடிக்கும்போது சொன்னாள். ஆஸ்பத்திரியில் முதல் ஆளாக, விடிந்தவுடன் உள்ளே கூப்பிட்டு ஒரு துணுக்கை வெட்டி எடுத்தார்கள். அது சின்னக் குப்பியில் மிதந்தது. பரிசோதனைக்கு மெயின்லேண்ட் போனது. முடிவு வந்ததும் டாக்டர் செல்கள் மிக வேகமாகப் பிரிகின்றன என்றும், சென்னைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றும் இந்தியில் சொன்னார். ரோசலின் என் முகத்தைப் பார்த்தாள். அந்த அறையில் அந்த வார்த்தையைத் தெரிந்த ஆள் என்று என்னைத்தான் நம்பினாள்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது போல இருந்தது.

"காலைல வெட்டுனாங்கல்ல? அந்த நேரத்துல வெட்டுனா அப்படித்தான் தெரியும். எல்லாம் பிரிஞ்சிட்டுத்தான் இருக்கும். மத்தியானம் வெட்டியிருந்தா ஒண்ணும் இருந்திருக்காது."

"நெசமாவா?"

"எத்தன வருசமா பாக்குறேன்."

அவளுக்கு முகம் தெளிந்துவிட்டது. பஸ்ஸில் வரும்போது, "டாக்டர்கிட்ட உங்க மேடத்த அனுப்பி வைங்க," என்று சிரித்தாள். டிக்கெட் போட்டாகிவிட்டது, எப்படியும் சென்னை போகத்தான் போகிறோம். கப்பல் வரும்வரை வீட்டில் சாப்பாடு இறங்கியது, பேச்சு இருந்தது. போவதே மாதா கோயிலைப் பார்க்கத்தான் என்பது போல ஒரு புதுச் சேலையை எடுத்து வைத்தாள்.

லீவு சொல்லப் போனபோது மேடத்திடமும் அதைச் சொன்னேன். காலையில் வெட்டியதால் வந்த குழப்பம் என்று. அவர் கையிலிருந்த சாக்பீஸை மேசையில் வைத்தார்.

"அண்ணா, வெங்காயத்துக்கு ஒரு நேரம் இருக்கு. வெளிச்சம், இருட்டு எல்லாம் கேட்டுத்தான் பிரியும். எங்க நிறுத்தணும்னும் தெரியும். இதுக்கு நேரம் காலம் கிடையாதுண்ணா. நிறுத்தத் தெரியாததுதான் இந்த வியாதியே."

நான் தலையாட்டிவிட்டு, கழுவ வேண்டிய குப்பிகளைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். அழவில்லை. அன்றிலிருந்து எனக்குள் எதுவோ அந்தக் குப்பியில் போட்ட வேர் மாதிரி, இருந்த நிலையிலேயே நின்றுவிட்டது என்று நினைக்கிறேன்.

ஹேடோவில் கப்பல் ஏறினோம். கரை மறைந்த பிறகு மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் கேட்டாள்.

"காலைல வெட்டுனதுனாலதான?"

"ஆமா."

"அப்ப சரி."

அவளைச் சென்னையிலேயே அடக்கம் செய்தோம். அதற்கு மேல் எழுத எனக்கு எதுவும் வரவில்லை.

மேடம் மாற்றலாகி மதுரைக்கே போய்விட்டார். மைக்ரோஸ்கோப்புகள் இரும்பு அலமாரியில் இருக்கின்றன, இந்த ஊர் ஈரத்தில் லென்சுக்குள் பூஞ்சை படர்ந்துவிட்டது. நான் இன்னும் அதே பள்ளியில் நாற்காலி தூக்குகிறேன். குப்பிகள் இருந்த ஜன்னலோரத்தில் இப்போது பெரிய திரை. அதில் செல் பிரிவதைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். சுவர், உட்கரு, நூல் எல்லாம் கலர் கலராக. வேர் வளர்க்க வேண்டாம், கப்பலுக்குக் காத்திருக்க வேண்டாம். சாப்பாட்டு வேளைக்குப் பிறகு பொத்தானை அழுத்தினாலும் பிரிகிறது.

இன்று காலை கடிகாரத்தில் நேரம் சரியாகத்தான் இருந்தது, வெயில் இன்னும் ஏறவில்லை. வேரை அரிவாள்மணையில் நறுக்கித் தள்ளிவிட்டு, வெங்காயத்தைக் குழம்புக்கு அரிந்தேன்.