சொந்தக் குரலுக்கு வந்த புகார்

ஜாஹ்னவியின் சேனல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவள் குக்கர் வைத்திருந்தபோது மறைந்துபோனது. அடுத்தவருடைய ஒலியை மூன்று முறை எடுத்துப் போட்டாளாம். அதனால் சேனல் நீக்கப்பட்டுவிட்டது என்று மெயில் சொன்னது. அந்த ஒலி அவளுடைய குரல்தான்.

ஸ்ரீரங்கம் கீழ உத்தர வீதி வீட்டில், பட்டுப்புடவை பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு, எதிரொலி வராமல் நான்கு வருஷம் பேசிய குரல் அது. ஜப்பான் பேய்ப்படத்தில் பேய் ஏன் கடைசிவரை சமாதானமாவதில்லை, துருக்கி சீரியலில் ஒருவரை ஒருவர் பார்ப்பதற்கே ஏன் மூன்று நிமிஷம் ஆகிறது, கொரியாக் காதல் கதையில் அம்மாக்காரி எந்த எபிசோடில் வருவாள் என்றெல்லாம் நோட்டுப் போட்டுப் படித்து, ரீல்ஸும் குறும்படமும் எடுப்பவர்களுக்காக விளக்குவாள். இருநூற்றுப் பன்னிரண்டு வீடியோ. பாதிக்கு மேல் அவளிடம் பிரதி இல்லை.

மேல்முறையீட்டை இரண்டு பக்கம் எழுதி அனுப்பினாள். நாலே நிமிஷத்தில் நிராகரித்துப் பதில் வந்தது.

"ஏன்னா, மனுஷா யாராவது இதைப் படிச்சிருப்பாளா?" என்று கணவன் ரகுநந்தனிடம் கேட்டாள்.

"நாலு நிமிஷத்துல உன் கையெழுத்தைக்கூடப் படிக்க முடியாதேடி," என்றான் அவன். சிரிக்க வைக்கத்தான் சொன்னான். அவளுக்கு அழுகை வந்தது.

மெயிலின் அடியில் புகார் கொடுத்தவரின் பெயர் இருந்தது. ரஞ்சித், போட்டோ ஸ்டூடியோ, வையம்பட்டி. மறுநாளே பஸ் ஏறினாள். வழியெல்லாம் கோபமாகப் பேசிப் பார்த்துக்கொண்டே போனாள்.

ஸ்டூடியோவில் அவள் பெயரைச் சொன்னதும் ரஞ்சித் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். நாற்பது வயதிருக்கும்.

"உங்க வீடியோ பாத்துத்தாங்க கல்யாண வீடியோவுக்குக் கதை மாதிரி கட் பண்ணக் கத்துக்கிட்டேன். குரல் நல்லாருந்துச்சுன்னு படத்த மட்டும் மாத்தி என் சேனல்ல போட்டேங்க. தப்புதான்."

"அப்புறம் என் மேலேயே புகாரும் கொடுத்தீங்களா?"

"சத்தியமா நான் கொடுக்கலைங்க. சேனலப் பாத்துக்கிறோம்னு ஒரு கம்பெனி சொல்லிச்சு, சேந்தேன். என் சேனல்ல இருந்த குரல என்னுதுன்னு எடுத்துக்கிட்டு, அதே குரல் வேற எங்க இருக்குன்னு அவங்க மெஷினே தேடிப் பிடிச்சு என் பேர்ல புகார் போட்டிருக்கு."

புகாரை வாபஸ் வாங்குவதாக அவள் கண்முன்னேயே அந்தக் கம்பெனிக்கு எழுதினான். மெயில் திரும்பி வந்தது. போன் செய்தான். அந்த எண் உபயோகத்தில் இல்லை. மறுபடி எழுதினான், மறுபடி திரும்பி வந்தது. அவன் முகத்தில் வியர்வை துளிர்த்தது. இவனை என்னவென்று திட்டுவது? "போதும், விடுங்க," என்றாள்.

டீ கொண்டுவந்த அவன் மனைவி வேணி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அய்யோ, அந்தக் குரல்! அக்கா, அந்தக் கொரியாக்காரங்க கதையில அப்பா மட்டும் ஏங்க்கா எப்பவும் கோமாவுலயே கிடக்காரு?"

ஜாஹ்னவி பதில் சொல்ல ஆரம்பித்தாள். பஸ் வரும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு எதுவும் நடக்கவில்லை. போலீஸில் மனுவை வாங்கிக்கொண்டு, கம்பெனி எந்த ஊரென்று கேட்டார்கள். அவளுக்குத் தெரியவில்லை. ரஞ்சித் தன் சேனலையே அழித்துவிட்டான், புகார் அழியவில்லை. புதுப்பெயரில் அவள் தொடங்கிய சேனல் இரண்டே நாளில் போனது. எந்தப் பெயரில் பேசினாலும் குரல் அதே குரல்தானே.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேணி போன் செய்கிறாள். போன வாரம் ஸ்பெயின் சீரியலில் இரட்டைப் பிறவிகள் எதற்கு என்று கேட்டாள். ஜாஹ்னவி பழைய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் விளக்கினாள்.